வறண்ட மலையின் ஓடையோர வில்லோப் புதர்க்காடு: புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், போர்ட் எலிசபெத்தின் மலபார் பகுதியில் இருக்கிறது எங்கள் வீடு. ஊரின் பெயர் 2021இல் க்கெபெர்ஹா என்று மாறிவிட்டது. கோயிலில் கூடும் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. 2022இல் ஊருக்குத் தண்ணீர் தரும் அணைகள் வற்றிக்கொண்டே போனபோது, குழாய் எந்த நாளில் நிற்கும் என்பதே எல்லோர் பேச்சாகவும் இருந்தது. அந்த அணைகளில் ஒன்று கூகா. அதற்கு நீர் கொண்டுவரும் ஓடைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவரலாமே என்று அந்த ஆண்டுதான் பாவியான்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்குக்குப் போனேன்.

இரண்டு பக்கமும் காய்ந்த மலை. சரிவில் ஸ்பெக்பூம் என்னும் சதைப்பற்றுச் செடி அங்கங்கே திட்டுத்திட்டாக நிற்கிறது. கீழே, கல்லும் மணலும் கிடக்கிற படுகையில் ஒரு முழம் அகலத் தண்ணீர். அதன் இரு கரையிலும், யாரோ பச்சை மையால் கோடு இழுத்ததுபோல் ஒரு புதர் வரிசை. அது வில்லோ. அன்று முதல் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போகிறேன். ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறேன். எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஒன்றுபோலவே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எது வில்லோ, ஏன் புதர்?

தென்னாப்பிரிக்காவின் சொந்த வில்லோவுக்கு அறிவியல் பெயர் சாலிக்ஸ் முக்ரோனாட்டா. 1772 முதல் 1775 வரை கேப் பகுதியில் அலைந்து செடி சேகரித்த துன்பேரி என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் வைத்த பெயர் அது. ஆஃப்ரிகான்ஸில் வில்கர், ஜூலு மொழியில் உம்ன்யெசானே. தமிழருக்கும் இந்தக் குலம் அந்நியம் அல்ல. நீலகிரி, பழனி மலை ஓடைகளில் நிற்கிற ஆற்றுப்பாலை இதற்கு ஒன்றுவிட்ட உறவு. பழைய இலக்கியத்தின் வஞ்சி அதுதான் என்று சொல்வோரும் உண்டு.

ஆழமான வண்டலும் அமைதியான நீரும் கிடைத்தால் இது மரமாகவே உயர்கிறது. மலை ஓடையில் அந்த வாழ்வு கிடையாது. காட்டாற்று வெள்ளம் வந்து அடிக்கும், ஒடிக்கும், மணலில் புதைக்கும். புதைந்த தண்டிலிருந்து புதிய வேர் விடும். ஒடிந்த இடத்திலிருந்து நாலைந்து விளார்கள் கிளம்பும். சில வெள்ளங்களுக்குப் பிறகு ஒற்றைத் தண்டு என்பதே இல்லாமல், ஆள் உயரத்துக்கும் சற்று மேலே, பல தண்டுகளோடு அடர்ந்த புதராக நிற்கும். இப்படிப்பட்ட புதர்கள் கரை நெடுகச் சேர்ந்து நிற்பதும், அவற்றின் காலடியிலும் முதுகுப்புறத்திலும் வாழ்கிற மற்றச் செடிகளும் சேர்ந்ததே வில்லோப் புதர்க்காடு.

இந்தப் புதர்க்காட்டுக்கு வானத்திலிருந்து பெய்யும் மழை முக்கியம் அல்ல. பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான் மழை. அந்த மழையை நம்பினால் வில்லோ ஒரு கோடைகூடத் தாங்காது. அது குடிப்பது தரைக்குள் நகரும் நீரை. 2006இல் வெளிவந்த தென்னாப்பிரிக்கத் தாவரவள வரைபடம் ஆற்றுப்படுகைத் தாவரங்களைத் தனி வகையாகவே பிரித்து வைத்திருப்பது இதனால்தான்: அந்த வட்டாரத்தின் தட்பவெப்பம் அவற்றை முடிவு செய்வதில்லை, படுகையின் நீரும் மண்ணும் முடிவு செய்கின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிது.

முதல் படி: எப்போது, எப்படிப் போவது

ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம். வில்லோ தளிர்விட்டுப் பூக்கிற பருவம் அது, வெயிலும் கொல்லாது. வில்லோமோர் என்னும் சிற்றூரிலிருந்து ஆர்332 சாலை நியூவெக்ளூஃப் கணவாய் வழியாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, சுமார் 200 கிலோமீட்டர் கடந்து பட்டென்சிக்குப் போகிறது. 1880களில் தாமஸ் பெய்ன் என்னும் சாலைப் பொறியாளர் அமைத்த பாதை. மேற்குப் பாதிக்குச் சாதாரண கார் போதும். கிழக்குப் பாதிக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். வழியில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. தொட்டியை வில்லோமோரிலேயே நிரப்பிவிடுங்கள்.

மேற்கில் ஓடைக்கரைகள் பெரும்பாலும் பண்ணைக்காரர்களின் நிலம். வேலியைத் தாண்டும் முன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். நான் கேட்டு யாரும் மறுத்ததில்லை. எங்கே தண்ணீர் இருக்கிறது என்று அவர்களே கூடவந்து காட்டியிருக்கிறார்கள். கிழக்கே பாவியான்ஸ்க்ளூஃப் இயற்கைக் காப்பகத்துக்குள் போக நுழைவு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே காட்டெருமையும் கருப்புக் காண்டாமிருகமும் உண்டு. கரையோரப் புதர்தான் அவை பகலில் ஒதுங்கும் இடம். ஊழியர் நடக்கலாம் என்று சொன்ன இடத்தைத் தவிர வேறெங்கும் புதருக்குள் காலடி வைக்காதீர்கள்.

வெள்ளத்தைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன். வறண்ட நாட்டு ஆறு சாந்தமாகத் தெரிவது கண்மயக்கு. 1981 ஜனவரி 25 அன்று கரூ என்னும் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் லேங்ஸ்பர்க் ஊருக்குள் பஃபல்ஸ் ஆறு புகுந்து 104 பேரைக் கொண்டுபோனது. அதற்கு முன் பலர் அந்த ஆற்றைப் பெரும்பாலும் மணலாகவே பார்த்தவர்கள். டர்பன் பக்கத்துக் குடும்பங்களுக்கு 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகிய கதை தெரியும். ஆற்றோரத் தோட்டங்களில் குடியிருந்த நம்மவர்களைப் படகில் போய் மீட்ட பதவட்டன் அறுவரை இன்றும் பேசுகிறோம். ஆகவே மணல் திட்டில் கூடாரம் போடாதீர்கள். மலையின் தலைப்பில் இடி கேட்டால், உங்கள் தலைமேல் வானம் நீலமாக இருந்தாலும் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

இரண்டாம் படி: கீழே இறங்காமல் கொஞ்ச நேரம் பாருங்கள்

பிள்ளைகள் வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே தண்ணீரை நோக்கி ஓடுவார்கள். நான் மேட்டிலேயே ஒரு கால் மணி நேரம் நிறுத்திவைப்பேன். மேலிருந்து பார்த்தால்தான் பட்டைகள் தெரியும். தண்ணீரை ஒட்டிக் கோரையும் நாணலும் இளம்பச்சைப் பட்டை. அடுத்தது வில்லோவின் வெளிர் பச்சை. காற்றடித்தால் இலைகள் புரண்டு வெள்ளிபோல் மின்னும். அதற்கும் மேலே, உயர்ந்த கரையில், கரும்பச்சையாக முள்மரங்கள். அதற்கப்பால் சட்டென்று காய்ந்த மலை. ஆற்றுச் சூழலியலாளர்கள் கரையை நீர்விளிம்பு, கீழ்க்கரை, மேல்கரை என்று பிரித்துத்தான் கணக்கெடுக்கிறார்கள். அந்தப் பிரிவு ஏட்டில் பிறந்தது இல்லை என்பது மேட்டில் நின்றால் புரியும்.

பச்சைக் கோடு எங்கே அகலமாகிறது, எங்கே அறுந்துபோகிறது என்று நோட்டில் ஒரு படம் வரையுங்கள். அறுந்த இடத்துக்குத்தான் பிறகு நாம் போக வேண்டும்.

மூன்றாம் படி: கையில் எடுத்துப் பார்ப்பது

கரைக்குப் போனதும் ஒரு விளாரைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். சொந்த வில்லோ வில்லாக வளையும், எளிதில் ஒடியாது. இலை விரல் நீளம், ஒடுக்கம், நுனி கூர்மை. மேலே பச்சை, அடியில் வெளுப்பு. ஒரு கணுவில் ஓர் இலை, அடுத்த கணுவில் எதிர்ப்பக்கம் ஓர் இலை. இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள மொட்டை நகத்தால் தொடுங்கள். பல மரங்களின் மொட்டு வெங்காயம்போல் அடுக்கடுக்காக மூடியிருக்கும். வில்லோ மொட்டுக்கு ஒரே ஒரு செதில், குல்லா போட்டதுபோல். எனக்குச் சந்தேகம் வந்தபோதெல்லாம் அந்தக் குல்லாதான் தீர்த்துவைத்தது.

பிறகு குனிந்து நீருக்குள் பாருங்கள். கரை அரித்த இடத்தில் மெல்லிய வேர்கள் செம்மை கலந்த நிறத்தில் தாடிபோல் தொங்கி நீரோட்டத்தோடு ஆடும். கையை உள்ளே விட்டால் அந்த வேர்ப்பின்னலுக்குள் மணல் சிக்கிக் கெட்டியாக இருப்பது தெரியும். கரை இடியாமல் நிற்பது அந்தப் பிடியால்.

ஆண் பூ ஒரு செடியில், பெண் பூ வேறொரு செடியில். ஆண் கதிர் மஞ்சள் தூளோடு, பெண் கதிர் பச்சையாக. பெண் கதிர் வெடித்தால் எருக்கம் பஞ்சுபோல் விதை பறக்கும். அந்த விதைக்கு ஆயுள் மிகக் குறைவு. சில நாட்களுக்குள் ஈரமான வெறும் மணலில் விழ வேண்டும், அங்கே நிழல் இருக்கக் கூடாது, வேர் இறங்குகிற வேகத்தைவிட நீர்மட்டம் மெல்லவே இறங்க வேண்டும். இத்தனையும் கூடிவந்தால்தான் ஒரு கன்று. இதை மனத்தில் வையுங்கள். ஐந்தாம் படிக்கு இதுதான் அடிப்படை.

கறுப்புப் புள்ளியிட்ட ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று புதரைச் சுற்றித் துறுதுறுவென்று பறந்தால் நின்று பாருங்கள். ஃபலன்டா ஃபலன்தா என்னும் அதே இனம் தமிழ்நாட்டிலும் உண்டு. அதன் புழு வில்லோ இலை தின்னும்.

நான்காம் படி: அக்கம்பக்கத்தாரை அறிவது

வில்லோ தனியாக வாழ்வதில்லை. கல் நிறைந்த படுகையில், ஓடும் நீரின் நடுவிலேயே, வெள்ளிநிற மெல்லிலையும் சிறு வெண்பூவும் கொண்ட குறுஞ்செடி கோம்ஃபோஸ்டிக்மா. தேங்கிய இடத்தில் சம்பு. கரை ஏறினால், அடி இலை சாம்பல் பூத்த, மணமுள்ள ஊதாக் கொத்துப் பூவுடைய பட்லியா. அதற்கும் மேலே சூட்டோரிங் என்னும் முள்மரம். வெண்ணிற இரட்டை முள்ளும் மஞ்சள் உருண்டைப் பூவும் பார்த்தவுடனே நம் ஊர்க் கருவேலம் நினைவுக்கு வரும், அதற்கு நெருங்கிய சொந்தமும்தான்.

புதியவர்களை ஏமாற்றுவது கரீ மரம். தூரத்திலிருந்து பார்த்தால் வில்லோவேதான். தொங்கும் கிளை, ஒடுங்கிய இலை. கிட்டே போனால் ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். அது மாமரக் குடும்பம். குவாசுலு-நட்டாலில் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆற்றங்கரையில் நிற்கிற, ஆங்கிலப் பெயரில் புஷ்வில்லோ என்று முடிகிற மரம் வில்லோவே அல்ல. நான்கு இறக்கை உள்ள காய் அதைக் காட்டிக்கொடுக்கும். அது நம் நீர்மருதின் குடும்பம். காவிரிக் கரையில் நீர்மருது எந்த இடத்தில் நிற்குமோ, இங்கே ஏறக்குறைய அதே இடத்தில் இது நிற்கிறது.

இனி, விருந்தாளியாக வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டவை. கிளைகள் தரை தொடத் தொங்கினால் அது சீனத்திலிருந்து வந்த அழும் வில்லோ. சொந்த வில்லோவுக்கு நுனி மட்டுமே சாயும். விளாரின் அடியைத் தட்டினாலே படக்கென்று முறிந்தால் ஐரோப்பாவின் முறிவில்லோ. இவை இரண்டும் ஒடிந்த கிளை நீரில் மிதந்துபோய்ப் பிடித்த இடத்தில் வேர்விட்டே பரவுகின்றன. அடி இலை வெண்பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் சாம்பல் பாப்லர். அகத்தி இலையும் செந்நிறப் பூவுமாக இருந்தால் அது தென்னமெரிக்கச் செஸ்பேனியா. நம் அகத்தியின் பேரினமே ஆனாலும் இங்கே ஆற்றின் எதிரி.

ஆனால் நமக்கு மனம் வருந்துவது அரளியால். லிட்டில் கரூவின் ஓர் ஓடைக்குக் கோயில் குழுவோடு போயிருந்தோம். படுகை முழுக்க அரளி, இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. கூட வந்த அக்கா ஒருவர் கண் விரியப் பார்த்துவிட்டு, "தம்பி, அம்மனுக்கு எத்தனை மாலை கட்டலாம்!" என்றார். அந்தச் செடி மத்தியதரைக் கடல் நாடுகளிலும் ஆசியாவிலும் வறண்ட ஆற்றுப்படுகையிலேயே பிறந்தது. அதனால்தான் இங்கே இவ்வளவு சுகமாக வேரூன்றியிருக்கிறது, வில்லோவின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது என்று அவருக்குச் சொன்னேன். சட்டப்படியும் அது நில உரிமையாளர் கட்டுப்படுத்தியே ஆகவேண்டிய பட்டியலில் இருக்கிறது. அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுத் தொட்டியில் இருப்பதன் விதையை ஓடையில் போடாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இதைவிட நல்ல பதில் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒன்று மறவாதீர்கள்: அரளிக் குச்சியை அடுப்பில் எரிக்கவோ, இறைச்சி கோத்துச் சுடவோ கூடாது. அது நஞ்சு.

ஐந்தாம் படி: கயிறு கட்டிக் கணக்கெடுப்பது

இருபது மீட்டர் நூல்கயிறு, மீட்டருக்கு ஒரு முடிச்சு. நீர்விளிம்பில் ஒரு முளை, நேர் எதிரே மேல்கரையில் ஒரு முளை. கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு ஒவ்வொரு முடிச்சிலும் நின்று எழுதுங்கள்: முடிச்சுக்கு நேர் கீழும் மேலும் என்ன செடி, எவ்வளவு உயரம், தரை மணலா கல்லா சேறா. ஐம்பது அடி தள்ளி இன்னொரு கோடு, அதற்கப்பால் இன்னொன்று. மூன்று கோடு ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். வெள்ளம் ஒதுக்கிய சருகுக் குவியலில் கைவிடாதீர்கள். பஃப் ஆடர் என்னும் விரியன் அங்கேதான் சுருண்டிருக்கும். குச்சியால் தட்டிவிட்டு நகருங்கள்.

இப்போது வில்லோவை வயதுவாரியாக எண்ணுங்கள். முழங்காலுக்குக் கீழ் எத்தனை, தோள் வரை எத்தனை, தலைக்கு மேல் எத்தனை. எல்லோரும் பெரிய புதரைப் படம் எடுத்துவிட்டு, ஓடை நலமாக இருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். பெரிய புதர் சொல்வது பழைய செய்தி. முப்பது ஆண்டுகளுக்கு முன் நீர் நன்றாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. இன்றைய நிலையைச் சொல்வது கன்று.

இந்த மூன்று வயதுப் பிரிவும் கலந்திருந்தால் வெள்ளம் வருகிறது, புது மணல் விரிகிறது, நீர்மட்டம் மெல்ல இறங்குகிறது என்று பொருள். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் ஏதோ ஒரு வெள்ளத்துக்குப் பிறகு ஒரே தடவையில் முளைத்தவை. கிழம் மட்டும் நின்று, உச்சிக் கிளை காய்ந்திருந்தால், குனிந்து கரையைப் பாருங்கள். படுகை ஆழமாக வெட்டுண்டு வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றனவா? அப்படியென்றால் ஓடை தன் படுகையைத் தானே அரித்து இறங்கிவிட்டது. அதோடு நிலத்தடி நீரும் இறங்கிவிட்டது. பாவியான்ஸ்க்ளூஃபில் இதன் காரணம் பல இடங்களில் கண்முன்னே தெரியும். பக்கவாட்டு மலையிடுக்குகளிலிருந்து வரும் ஓடைகள் முன்பு விசிறிபோல் விரிந்து, வண்டலில் ஊறி, மெதுவாக ஆற்றைச் சேர்ந்தன. வயலைக் காக்க அவற்றைக் கரை கட்டி நேர்க்கால்வாயாகத் திருப்பினார்கள். நீர் ஊறுவதற்குப் பதில் பாய்ந்தது, ஆற்றை அறுத்தது. இப்போது சில விசிறிகளைப் பழையபடி விரித்துவிடும் வேலை நடந்திருக்கிறது.

படுகை ஆழமாகாமலும் கன்று இல்லையா? ஆட்டுப் புழுக்கை இருக்கிறதா பாருங்கள். இளம் வில்லோ ஆட்டுக்கும் மாட்டுக்கும் இனிப்பு. அதுவும் இல்லையென்றால் நாணல் மூடி வெறும் மணலே மிஞ்சவில்லையா என்று பாருங்கள்.

கிளையில் சிக்கிய சருகும் பிளாஸ்டிக்கும் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். கடந்த வெள்ளம் ஏறிய உயரம் அது.

ஆறாம் படி: நட வேண்டும் என்று தோன்றினால்

நில உரிமையாளர் சம்மதம் முதலில். காப்பகத்துக்குள் ஒரு குச்சியும் வெட்டக் கூடாது. கரையையோ படுகையையோ மாற்றுகிற வேலைக்கு 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும். பத்துக் குச்சி நடுவது வேறு, பொக்லைன் கொண்டுவருவது வேறு.

முருங்கைப் போத்து நட்டவருக்கு வில்லோ நடத் தெரியும். ஜூலை, ஆகஸ்ட்டில், தளிர்க்கும் முன், அதே ஓடையின் நாலைந்து புதர்களிலிருந்து விரல் கனத்தில் இரண்டடிக் குச்சிகள் வெட்டுங்கள். ஒரே புதரில் வெட்டினால் எல்லாம் ஆணாகவோ எல்லாம் பெண்ணாகவோ போய்விடும். அடி நுனியைச் சாய்வாக, மேல் நுனியை நேராக வெட்டுங்கள். தலைகீழாக நடாமலிருக்க இது உதவும். வாளித் தண்ணீரில் நிறுத்திவையுங்கள், வெயிலில் போடாதீர்கள். கீழ்க்கரையில், கையால் தோண்டினால் ஈரம் தட்டுகிற இடத்தில், பெரிய கல்லின் ஓட்டம் குறைந்த பக்கமாக, மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருக்கும்படி இறக்குங்கள். சுற்றிலும் சூட்டோரிங் முள்ளை அடுக்குங்கள். ஆட்டுக்கு அதைவிடப் பெரிய வேலி வேண்டாம்.

நாற்று வாங்கி நட நினைப்பவருக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் ஆண்டு ஒரு நாற்றுப்பண்ணையில் சொந்த வில்லோ என்று கேட்டு நாற்பது கன்றுகள் வாங்கினோம். இரண்டாம் ஆண்டில் கிளைகள் தரையை நோக்கித் தொங்கத் தொடங்கின. அழும் வில்லோ. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குச்சி ஒன்றும் ஓடையில் விழாமல் சாக்கில் கட்டி மேட்டுக்குக் கொண்டுபோய் எரித்தோம். பண்ணையில் கேட்டதற்கு எல்லாம் வில்லோதானே என்றார்கள். இன்றும் எனக்கு ஆறவில்லை. தாய்ச்செடியைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள்.

திரும்பி வருவது

ஒரு முறை எடுத்த கணக்கு ஒரு முறை எடுத்த படம்தான். முளைகள் நின்ற இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துவையுங்கள், பாறையில் ஓர் அடையாளமும் நினைவில் வையுங்கள். அதே மாதத்தில், அதே இடத்தில் நின்று, அதே திசையில் படம் எடுங்கள். செடிகளின் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையதளத்தில் ஏற்றினால் உள்நாட்டுத் தாவரவியலாளர்கள் பெயரைச் சரிபார்த்துத் தருவார்கள்; வில்லோவுக்கு இலையின் இரு பக்கம், மொட்டு, பட்டை, முழுப் புதர் என்று நான்கு படம் வேண்டும்.

எங்கள் இரண்டாம் கோட்டில் மூன்று ஆண்டுகளாகக் கிழவில்லோ ஆறு மட்டுமே இருந்தது. கடந்த செப்டம்பரில் போனபோது நான்காம் முடிச்சுக்குக் கீழே, கல் மறைவில், புதிதாக விரிந்த மணலில், கட்டைவிரல் உயரத்தில் பதினொரு கன்றுகள். ஒவ்வொன்றின் மொட்டிலும் அந்தச் சிறு குல்லா இருக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்த்தோம். இருந்தது.